'ஃப்ரெண்ட்' என்று எழுதப்பட்ட கட்டம்: சாட்ஸ்வர்த்தில் ஓர் இறுதிக்காலப் பராமரிப்பு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எழுத, இறந்தவரின் துணைவி எழுத்து மூலம் இசைவு தந்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும், முடிவுகள் எடுக்கப்பட்ட வரிசையையும், என் பங்கில் நேர்ந்த பிழைகளையும் மாற்றவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தென்பகுதியில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் ஒரு ஹோஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) குழுவில் நான் சமூகப் பணியாளர். தமிழ் பேசுவேன் என்பதால் மூத்த தலைமுறையினரின் வீடுகளுக்குப் பெரும்பாலும் என்னையே அனுப்புவார்கள்.

நோயாளியும் வீடும்

நோயாளி 69 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய பெற்றோர் டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் வாழ்ந்து, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் 1960களில் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்துக்கு இடம்பெயர்க்கப்பட்டவர்கள். இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர் என்று கட்டப்பட்ட அந்தக் குடியிருப்பில், அடுத்த வீட்டில் தாளிக்கும் மணம் மட்டுமல்ல, பேசும் பேச்சும் இந்தப் பக்கம் வரும். அவ்வளவு நெருக்கமான தெருவில் ஆசிரியையும் அவரைவிட ஐந்து வயது இளைய, நூலகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற மற்றொரு பெண்ணும் 27 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். பிறர் முன்னிலையில் இளையவர் மூத்தவரை 'அக்கா' என்றே அழைத்தார். தெருவும் அவர்களை ஏதோ ஒருவழிச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டது. அந்த 'அக்கா' அவர்களுக்கு நெடுங்காலம் பாதுகாப்பாக இருந்தது. கடைசி மூன்று மாதங்களில் அதே சொல் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

நோய் சினைப்பைப் புற்றுநோய். வயிறு உப்பியிருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்ற தொல்லை ஏறக்குறைய ஓராண்டு இருந்தும் அவர் மகளிர் மருத்துவரிடம் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போனா முதல்ல புருஷன் பேரு, அப்புறம் பிள்ளை எத்தனை. இல்லைன்னா ஏன் இல்லைன்னு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சும்மா" என்றார். கண்டறியப்பட்டபோதே நோய் வயிற்று உள்ளுறையெங்கும் பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி, ஓராண்டு இடைவெளி, மறுபடியும் நோய். இனி மருந்தால் நோயைக் கட்டுப்படுத்த இயலாது என்று புற்றுநோய் மருத்துவர் சொன்ன பிறகு எங்களிடம் அனுப்பப்பட்டார்.

முதல் வருகையில் நான் எழுதியது

சேர்க்கைப் படிவத்தில் 'நோயாளியைப் பராமரிப்பவர்' என்று ஒரு கட்டமும் அதன் அருகே 'உறவு' என்று ஒரு கட்டமும் உண்டு. துணைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் "இவங்க உங்களுக்கு...?" என்று இழுத்தேன். ஆசிரியை சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். "கூட இருக்கிறவ" என்றார். நான் 'ஃப்ரெண்ட்' என்று எழுதினேன். சுவரில் இருவரும் கேப் டவுன் மலையடிவாரத்தில் எடுத்துக்கொண்ட படம், ஒரே படுக்கையறையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள், ஒரே மாத்திரைப் பெட்டியில் இருவர் மாத்திரைகள், எல்லாம் என் கண்ணில் பட்டிருந்தன. எனக்குப் புரிந்தது. புரிந்ததை நான் சொல்லிவிட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று எண்ணினேன். உண்மையில் கூச்சம் என்னுடையது. அவர் என் முகத்தில் தேடியதும் இவளிடம் சொல்லலாமா என்பதைத்தான்.

தம்முடைய உறவை மறைத்தே வாழ்ந்து முதுமையடைந்த பெண்களும் ஆண்களும் உடல் தளர்ந்த காலத்தில் தங்கள் வீட்டுக் கதவை முன்பின் அறியாத செவிலியருக்கும் சமூகப் பணியாளருக்கும் திறக்க வேண்டியிருக்கிறது. படம் இருந்த இடத்தை வெறுமையாக்கி, இரண்டாவது தலையணையை வேறு அறைக்கு மாற்றிவிட்டு எங்களை உள்ளே விட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் படத்தைக் கழற்றவில்லை. அதுவே எனக்குத் தரப்பட்ட அழைப்பு; நான் அதை ஏற்கவில்லை.

தாள்கள்

நான்காவது வருகையில் ஆசிரியையே பேச்சைத் தொடங்கினார். வீடு அவர் பெயரில் இருந்தது. கடன் தவணையில் பாதியைத் துணைவி கட்டியிருந்தார், ஆனால் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. "நான் போயிட்டா இவளை வெளிய போன்னு சொல்லிடுவாங்களா?" என்பதுதான் கேள்வி.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இங்கே நம்மில் பலர் நினைப்பதைவிட வெகுதூரம் வந்திருக்கிறது. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை 9ஆம் பிரிவில் தடைசெய்கிறது. கோரி எதிர் கோல்வர் வழக்கில் 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம், ஒருவரையொருவர் தாங்கும் கடமையை ஏற்று நிலையாகச் சேர்ந்து வாழ்ந்த ஒரேபாலினத் துணைவர், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கு வாழ்க்கைத் துணையைப் போலவே வாரிசு ஆவார் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சிவில் யூனியன் சட்டம் நடைமுறைக்கு வந்து, ஒரேபாலினத்தவர் சட்டப்படி மணம் செய்துகொள்ள வழி பிறந்தது. மணக்க வழி இருந்தும் மணக்கவில்லையே, பிறகு எப்படி வாரிசுரிமை என்ற கேள்வி 2016இல் லாப்ஷர் எதிர் டுப்லான் வழக்கில் எழுந்தது. அங்கே அதை எழுப்பியவர் இறந்தவரின் உடன்பிறந்தவர். மணம் செய்யாவிட்டாலும் துணைவரின் உரிமை நிற்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

இதையெல்லாம் நான் விளக்கியபோது ஆசிரியை முகம் தெளிந்தது. பிறகு அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்துவரச் சொன்னார். அதில் பழைய உயில் ஒன்று இருந்தது: வீடு வாங்கிய காலத்தில், துணைவியைச் சந்திப்பதற்கு முன்பே எழுதியது, வீடு முழுவதும் தம்பிக்கு. மேலே சொன்ன இரண்டு தீர்ப்புகளும் உயில் இல்லாதவர்களின் துணைவரைக் காக்கின்றன. செல்லத்தக்க பழைய உயில் ஒன்று அலமாரியில் கிடந்தால் அந்தக் காப்பு வருவதில்லை. எனவே புதிய உயில் உடனடித் தேவையாயிற்று.

அன்று தவிர்த்த ஓர் இடறலைக் குறிப்பிட வேண்டும். துணைவியின் கையெழுத்து அச்சுப்போல அழகானது. ஆசிரியை சொல்லச் சொல்ல அவரே எழுதுவதாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். 1953ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, உயிலைத் தன் கையால் எழுதியவரும் சாட்சிக் கையெழுத்திட்டவரும் அந்த உயிலால் பயனடையும் தகுதியை இழக்கிறார்கள். நீதிமன்றத்துக்குப் போய் விலக்குப் பெற வழி உண்டு என்றாலும், தம்பி எதிர்த்து நிற்கக்கூடிய ஒரு குடும்பத்தில் அந்த வாய்ப்பை நம்பி இருக்க முடியாது. அன்பினால் எழுதிக்கொடுத்த ஒரே காரணத்தால் வீட்டை இழந்திருப்பார். வழக்கறிஞர் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 14 வயது நிறைந்த இருவர் சாட்சியாக இருந்தால் போதும் என்பதால் பக்கத்து வீட்டு அம்மாவும் எங்கள் ஓட்டுநரும், ஆசிரியை ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டபோது உடனிருந்து கையெழுத்திட்டார்கள். வீடு துணைவிக்கு, தாயின் நகைகள் தம்பி மகளுக்கு.

சிவில் யூனியன் செய்துகொள்ளலாமே என்றும் கேட்டேன். கடும் நோயில் இருப்பவருக்காக மணப்பதிவு அலுவலர் நோயாளி இருக்கும் இடத்துக்கே வந்து நடத்த அந்தச் சட்டம் இடம் தருகிறது; மனச்சாட்சியின் பேரில் அரசு அலுவலர்கள் மறுக்கலாம் என்றிருந்த பிரிவையும் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. ஆசிரியை தலையசைத்தார். "இத்தனை வருஷம் கல்யாணம்னு ஒன்னு இல்லாமலே குடும்பம் நடத்தினோம். இப்போ சாவுக்காகவா பண்ணிக்கணும்?" என்றார். துணைவிக்கு அதில் வருத்தம் இருந்ததென்று பின்னால்தான் அறிந்தேன்.

உயில் முடிந்ததும் நாங்கள் மூவரும் பெரிய வேலை முடிந்ததுபோல மூச்சுவிட்டோம். இது என் இரண்டாவது பிழை. உயில் இறந்த பிறகே பேசும். உயிரோடு இருந்தும் பேச இயலாத நாள்களுக்கு அதனால் பயனில்லை. துணைவியிடம் ஆசிரியை கொடுத்திருந்த பவர் பத்திரம் ஒன்றும் இருந்தது. ஆனால் இந்நாட்டுச் சட்டத்தில், கொடுத்தவர் அறிவுத் திறனை இழக்கும் கணத்திலேயே பவர் பத்திரமும் செயலற்றுவிடுகிறது. எதற்காக வாங்கினார்களோ அந்த நேரத்தில் அது கைகொடுக்காது. வேண்டியிருந்தது வேறொன்று: 2003ஆம் ஆண்டின் தேசிய உடல்நலச் சட்டம் 7ஆம் பிரிவின்படி, தன் சார்பில் சிகிச்சைக்கு இசைவு தர இன்னாரை நியமிக்கிறேன் என்று நோயாளியே எழுதித்தரும் தாள். அரைப்பக்கம். அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை இரவு

அந்த வாரத்தின் சனிக்கிழமை மாலையிலிருந்து ஆசிரியைக்கு வாந்தி நிற்கவில்லை. வயிறு இறுகி, அலையலையாக வலி. சினைப்பைப் புற்று பரவிய நிலையில் குடல் அடைப்பு அடிக்கடி நேர்வது. நீரிழப்பால் இரவு பத்து மணிக்குள் பேச்சு தடுமாறி, யாரையோ தாயென்று அழைக்கத் தொடங்கினார். துணைவி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். செய்தி கேட்டுத் தம்பியும் மருத்துவமனைக்கு வந்தார்.

சேர்க்கை மேசையில் நெருங்கிய உறவு யார் என்று கேட்டார்கள். தம்பி, "நான் கூடப்பிறந்தவன், எனக்கு ஒரே அக்கா" என்றார். துணைவி எங்கள் கோப்பை நீட்டினார். செவிலியர் பிரித்துப் பார்த்தார். 'உறவு' என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் 'ஃப்ரெண்ட்'. "இவங்களே எங்க அக்காவை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க" என்று தம்பியும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. வார்டுக்குள் ஒருவருக்கு மட்டுமே இடம் என்றார்கள். தம்பி உள்ளே போனார். அடைப்பை நீக்க வயிற்றைத் திறந்து குடலை வெளியே எடுத்துப் பை பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு அவரிடம் இசைவுப் படிவம் தரப்பட்டது. அக்காவைக் காப்பாற்ற ஏதேனும் செய்யுங்கள் என்று கேட்கும் தம்பி அதில் கையெழுத்திடுவதில் வியப்பில்லை. இன்னொரு முறை வெட்டக்கூடாது என்று அக்கா மாதங்களாகச் சொல்லிவந்தது அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதில்லை, நானும்தான்.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் துணைவி வாகன நிறுத்தத்திலிருந்து என்னை அழைத்தார். நான் போய்ச் சேர்ந்து பணி மருத்துவரைக் கண்டு 7ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். எழுத்து மூலம் நியமிக்கப்பட்டவர் இல்லையென்றால் வாழ்க்கைத் துணையோ சேர்ந்து வாழும் துணைவரோ இசைவு தருவார். அவர் இல்லாதபோதுதான் பெற்றோர், பாட்டன் பாட்டி, வயது வந்த பிள்ளை, அதன் பிறகு உடன்பிறந்தோர், அந்த வரிசையிலேயே. சட்டம் 'துணைவர்' என்பதற்கு ஆண் என்றோ பெண் என்றோ சொல்லவில்லை. அந்த இளம் மருத்துவர் நிதானமானவர். குடல் கிழிந்ததற்கான அறிகுறி இல்லை, மூக்கு வழியே குழாய் செலுத்தி, நீர் ஏற்றி, விடியும்வரை பார்க்கலாம், தெளிந்தால் நோயாளியையே கேட்கலாம் என்று மூத்தவரிடம் பேசி முடிவுசெய்தார். அவர் இடத்தில் அவசரக்காரர் ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

காலை ஏழரை மணிக்கு ஆசிரியை தெளிந்தார். மருத்துவர் தம்பியையும் துணைவியையும் வைத்துக்கொண்டே கேட்டார். "வெட்ட வேண்டாம். வீட்டுக்குப் போகணும். என்னால முடியாதப்போ இவளைக் கேளுங்க. இவ என் தங்கச்சி இல்லைடா தம்பி. உனக்குத் தெரியும்." தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரைப்பக்கத் தாளை அங்கேயே எழுதி ஆசிரியை கையெழுத்திட்டார். இரண்டு செவிலியர்கள் சாட்சியிட்டார்கள். செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்ற அவருடைய விருப்பமும் அதில் சேர்ந்தது. லிவிங் வில் என்று அறியப்படும் அத்தகைய ஆவணத்துக்கு இந்நாட்டில் தனிச்சட்டம் இன்னும் இல்லை. ஆயினும் 1992இல் கிளார்க் எதிர் ஹர்ஸ்ட் வழக்கில், பல ஆண்டுகள் நினைவிழந்து கிடந்த ஒரு மருத்துவரின் முன்கூட்டிய விருப்பத்துக்கு இதே டர்பன் நீதிமன்றம் மதிப்பளித்தது. அங்கே மனு போட்டவர் அவருடைய மனைவி. அந்த ஆண்டில் சாட்ஸ்வர்த்தில் ஒன்றாக வாழ்ந்த இரு பெண்களில் ஒருவர் அதே படியேறியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

வீட்டில் பதினொரு நாள்

சிரிஞ்ச் டிரைவர் என்ற சிறு கருவி மூலம் மார்ஃபினும் வாந்தியை அடக்கும் ஹாலோபெரிடாலும் குடல் முறுக்கலைத் தளர்த்தும் பஸ்கோபானும் தோலுக்கடியில் நாள் முழுவதும் சீராக இறங்கின. பசி என்று கேட்டபோது ஐஸ் துண்டும் ரசத்தில் நனைத்த பஞ்சும். ஆசிரியை பெரும்பாலும் அமைதியாக இருந்தார்.

அந்த நாள்களில் அவர் செய்த ஏற்பாடுதான் இந்த நிகழ்வில் நான் கற்ற பெரிய பாடம். சாவு வீட்டில் யாருக்கு எந்த இடம் என்பதை அவரே வகுத்தார். நம் வழக்கத்தில் மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணி ஒன்றும் புகுந்த வீட்டுக் கோடித்துணி ஒன்றும் வரும். "பொறந்த வீட்டுக் கோடியைத் தம்பி கொண்டு வரட்டும், அது அவனுக்கு உரியது. இந்த வீட்டுக் கோடியை இவ போடட்டும்" என்றார். கற்பூரம் தம்பி மகனும் துணைவியும் சேர்ந்து ஏற்ற வேண்டும். கிளேர் எஸ்டேட் தகனச் சாலை. அஸ்தி உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில். உயில் பெரும்பாலும் ஈமச்சடங்கு முடிந்த பிறகே பிரிக்கப்படுவதால் இதைத் தனித்தாளில் எழுதி, படி ஒன்றைத் தம்பிக்கும் ஒன்றை ஈமச்சடங்கு ஏற்பாட்டாளருக்கும் கொடுத்தோம். தம்பி தாளை வாங்கிக்கொண்டு, "கோடி நான்தானே?" என்று இரண்டு முறை கேட்டார். தன்னை முற்றாக விலக்கிவிடுவார்கள் என்று அவரும் அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இவற்றை எழுதிவைக்காமல் போவதால் மிகவும் துன்பப்படுபவர்கள் திருநங்கையரும் திருநம்பியரும். 2003ஆம் ஆண்டின் 49ஆம் எண் சட்டத்தின்படி பாலினக் குறிப்பை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், அதைச் செய்யுமுன் இறந்தவர் பழைய பாலினக் குறிப்பிலேயே பதிவாகிறார்; எந்த உடை உடுத்துவது, யார் குளிப்பாட்டுவது என்பதையும் அவரை ஆண்டுகளாகப் பார்க்காதவர்கள் முடிவுசெய்கிறார்கள்.

ஒரு வியாழன் அதிகாலையில் ஆசிரியை இறந்தார். எல்லாம் தாளில் எழுதியபடியே நடந்துவிடவில்லை. உடலைக் குளிப்பாட்டும்போது உறவுப் பெண்கள் சூழ்ந்துகொள்ள, துணைவி அக்கம்பக்கத்தாரோடு கூடத்தில் நின்றார். அதைத் தாளில் எழுத எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. 84 வயதான அத்தை நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார்: "மூணு மாசமா ஊத்தினவ அவதானே. இன்னிக்கு நீங்க யாரு? வா கண்ணு, நீ ஊத்து." அவர் உறவைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. துணைவி முதல் சொம்பு ஊற்றினார். இரண்டு கோடிகளும் வந்தன.

கோப்பு

பதினாறாம் நாளுக்குப் பிறகு துணைவியைப் பார்க்கப் போனேன். உயிலைத் தம்பி எதிர்க்கவில்லை. நகைகளை வாங்கிக்கொள்ள மகளோடு வந்து, மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது எங்கள் குழுவில் சேர்க்கைப் படிவத்தை நிரப்புமுன், "வீட்டில் உங்களுக்கு யார் யார்? உங்களால் பேச முடியாமல் போனால் யார் பேச வேண்டும்?" என்று கேட்கிறோம், பதிலை நோயாளி சொன்ன சொல்லிலேயே எழுதுகிறோம், அரைப்பக்கத் தாள் முதல் வருகையிலேயே பையில் இருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க கோப்பு இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?" என்றார். குறைந்தது ஆறாண்டுகள் வைத்திருப்போம் என்றேன். "அதுல அந்தச் சொல் அப்படியேவா இருக்கு?"

மருத்துவப் பதிவில் எதையும் அழிக்கக்கூடாது. பழைய சொல் படிக்கும்படியாகவே இருக்க ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை அருகில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். மறுநாள் கோப்பை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 'ஃப்ரெண்ட்' மேல் கோடு போட்டேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்து, "இந்த வீட்டுக்காரி" என்றார். அப்படியே எழுதினேன்.